அடைப்புக்கு அடியில் கசிவு

பல்லில் வைக்கும் வெள்ளை அடைப்பு எத்தனை வருடம் நிற்கும் என்பதை, அந்தப் பசை குழிக்குள் போவதற்கு முந்திய இரண்டு மூன்று நிமிடங்களே பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றன. கதிரையில் சாய்ந்து கிடப்பவருக்கு இது தெரிவதில்லை. துளைக்கும் சத்தம் நின்றதும் கஷ்டமான பகுதி முடிந்தது என்று மூச்சு விடுகிறார். வைத்தியருக்கோ அப்போதுதான் கஷ்டமான பகுதி தொடங்குகிறது: அமிலம் பூசுவது, கழுவுவது, அளவாக உலர்த்துவது, ஒட்டுத்திரவத்தைத் தேய்ப்பது, அதுவரை ஒரு சொட்டு எச்சில் படாமல் காப்பது. இதில் ஒன்று பிசகினாலும் அடைப்பு அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்தும் அழகாக இருக்கலாம். ஆனால் அடியில் கசியும்.

திருகோணமலை மாவட்டத்தில் இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பெற்றோர் தலைமுறை வாயில் சுமந்த ஈயநிற அடைப்பு, அதாவது வெள்ளியும் தகரமும் செம்பும் பாதரசத்தோடு குழைந்த அமல்கம், விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. பாற்பற்கள், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அமல்கம் வைப்பதைத் தவிர்க்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2022இல் பாலித் தீவில் கூடிய உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து அதை நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த கூட்டம் உலகம் முழுவதற்கும் 2034 என்று எல்லை குறித்தது.

பாதரசம் போகட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அமல்கம் மன்னிக்கும் குணமுள்ள பொருள் என்பதை மறந்துவிட்டு அதை வழியனுப்பக்கூடாது. அது பல்லில் ஒட்டுவதே இல்லை. குழியின் வாயைவிட அடியை அகலமாக வெட்டி, அதற்குள் இறுக்கி நிரப்புவார்கள். விழாமல் நிற்பது அந்த வடிவத்தால்தான். தொடக்கத்தில் அதற்கும் பல்லுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கும். நாளடைவில் அமல்கம் அரிக்கப்பட்டு, அந்த அரிப்பின் கழிவுகளே இடைவெளியில் படிந்து அதை மூடிவிடும். கொஞ்சம் ஈரம் பட்டாலும், வைத்தியர் அவசரப்பட்டாலும், பொருள் தன் குறையைத் தானே ஓரளவு சரிசெய்துகொண்டது. வெள்ளை அடைப்பான கொம்போசிட்டுக்கு இந்தக் குணம் கிடையாது. அது நிற்பதும் மூடுவதும் ஒட்டுதலால் மட்டுமே. ஒட்டுதல் விட்ட இடம் காலத்தோடு சரியாகாது, பெரிதாகும்.

லிஸ்பனில் காசா பியா என்ற பழைய கல்வி நிறுவனத்தின் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, கடைவாய்ப் பற்களில் ஓரணிக்கு அமல்கமும் மற்ற அணிக்குக் கொம்போசிட்டும் வைத்து, ஏழு வருடம்வரை பின்தொடர்ந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி நின்றவை அமல்கத்தில் 94.4 வீதம், கொம்போசிட்டில் 85.5 வீதம். அடைப்பின் ஓரத்தில் மறுபடி சூத்தை பிடிக்கும் ஆபத்து கொம்போசிட்டில் மூன்றரை மடங்கு. இத்தனைக்கும் அது பயிற்சி பெற்றவர்கள் ஒழுங்கான வசதியோடு, கண்காணிப்பின் கீழ் வைத்த அடைப்பு.

பல்லின் மேற்பரப்பைத் தயார்செய்வது என்றால் என்ன? பல்லின் வெளி ஓடு எனாமல். பாடசாலைப் புத்தகத்தில் மிளிரி என்று படித்தது. நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனிமம். வழவழப்பான அந்தப் பரப்பில் பிளாஸ்டிக் பசை ஒட்டாது. 1955இல் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவனோகோர் என்ற பல் ஆய்வாளர், 85 வீதப் பொஸ்போரிக் அமிலத்தை 30 செக்கன் பூசிக் கழுவிவிட்டுப் பசையை வைத்தார். பிடித்துக்கொண்டது. யோசனை வந்த வழி துறைமுக ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும்: உலோகத்தில் பெயின்ட் நிற்பதற்காகத் தொழிற்சாலைகளில் முதலில் பொஸ்போரிக் அமிலம் பூசுவார்கள், அதைத்தான் அவர் பல்லுக்குக் கொண்டுவந்தார். துருவையும் எண்ணெயையும் எடுக்காமல் கப்பலின் அடிப்புறத்துக்கு அடித்த பெயின்ட், டின்னில் எவ்வளவு விலை போட்டிருந்தாலும், தகடு தகடாகக் கழரும். பல்லிலும் டியூப்பின் விலை இரண்டாம் பட்சம்தான். இன்று அமிலம் 37 வீதம் அளவில், எனாமலுக்கு 15 முதல் 30 செக்கன். கழுவி உலர்த்தியதும் அந்த இடம் பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கிய வெள்ளையாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அமிலம் வேலை செய்யவில்லை.

எனாமலில் இது சுலபம். உள்ளே இருக்கும் டென்டின், புத்தகத்தில் பன்முதல், வேறு கதை. அதில் கனிமம் ஏறத்தாழ 70 வீதம். மிச்சம் கொலாஜன் நார்களும் நீரும். அதற்குள் ஊடுருவிச் செல்லும் நுண்குழாய்கள் எனாமலுக்கு அருகே ஒரு சதுர மில்லிமீற்றரில் 20,000 அளவிலும், நரம்புக்கு அருகே 45,000 அளவிலும் இருக்கின்றன. அவற்றுள் திரவம் ஓடுகிறது. ஆகவே டென்டின் ஒருபோதும் உண்மையில் உலர்ந்த பரப்பு அல்ல. துளைக்கும் பர் ஓடிய இடமெங்கும் இன்னொரு தொல்லை: அரைபட்ட பல்துகளும் நாரும் பக்டீரியாவும் கலந்து ஒன்று, இரண்டு மைக்ரோன் தடிப்பில் அப்பிக்கொள்ளும் படலம். கண்ணுக்குத் தெரியாது, 1970இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில்தான் இது முதலில் சரியாகப் பார்க்கப்பட்டது. இந்தப் படலத்தின் மேல் ஒட்டுவது தூசின் மேல் ஒட்டுவதற்குச் சமம்.

அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்து, டென்டினின் மேல்தளத்துக் கனிமத்தையும் எடுத்துவிட, கொலாஜன் நார்கள் வெறுமனே நிற்கும். அந்த நார்களுக்குள் ஒட்டுத்திரவம் புகுந்து இறுகினால் பல்லும் பசையும் கலந்த ஒரு படை உருவாகும். 1982இல் ஜப்பானின் நொபுவோ நகபயாஷி காட்டியது இதைத்தான். பிசகும் இடமும் இதுவே. 15 செக்கனுக்குமேல் அமிலத்தை விட்டால் கனிமம் ஆழமாகப் போய்விடும், திரவம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது; நிரம்பாத நார்கள் அடியில் மிஞ்சும். காற்றடித்து நன்றாகக் காயவிட்டால் நார்கள் சரிந்து படுத்துவிடும், திரவம் நுழைய வழியில்லை. நீர் தேங்கினால் திரவம் நீர்த்துப்போகும். பரப்பு மினுங்கவேண்டும், தேங்கக்கூடாது. ஈரமாக விட்டு ஒட்டும் இந்த முறையை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜோன் கான்கா பரப்பினார். அதுவரை காயவைப்பதே சரியென்று கற்பித்து வந்தார்கள். அடியில் மிஞ்சிய நார்களைப் பல்லிலேயே உள்ள நொதிகள் மெல்ல மெல்லத் தின்றுவிடும் என்பது 2004க்குப் பிறகு தெளிவானது. அதனால்தான் சில அடைப்புகள் முதல் வருடம் உறுதியாக நின்று, மூன்றாம் நான்காம் வருடத்தில் கழருகின்றன.

கொம்போசிட் நீல ஒளியில் இறுகும்போது கனவளவில் 2 முதல் 3 வீதம் சுருங்கவும் செய்யும். சுருங்கும் பொருள் எங்கே பிடி பலவீனமோ அங்கிருந்து விலகும். வாயிலுள்ள பக்டீரியாவின் பருமன் ஒரு மைக்ரோன் அளவு. பத்து மைக்ரோன் இடைவெளி அவற்றுக்கு அகலமான தெருதான்.

இனி ஈரம். கூட்டம் நிறைந்த சிகிச்சை அறைகளில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். அமிலம் பூசியாயிற்று, தண்ணீர் பீச்சியாயிற்று, வாய் நிறைந்துவிட்டது. நோயாளி எழுந்து பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு மறுபடி சாய்கிறார். அந்த ஒரு நொடியில் நாக்கும் கன்னமும் பல்லைத் தழுவிவிட்டன. அமிலம் பட்டுத் திறந்த எனாமலில் எச்சில் ஒரு செக்கன் பட்டாலே புரதப் படலம் ஒட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீரால் மட்டும் கழுவி எடுக்கமுடியாது. மறுபடி அமிலம் பூசவேண்டும். பூசினாரா என்பது வைத்தியருக்குத்தான் தெரியும். எச்சிலைவிட மோசம் முரசிலிருந்து கசியும் இரத்தம். இரண்டு கடைவாய்ப் பற்கள் உரசும் இடத்தில், முரசோடு ஒட்டி இறங்கும் குழியின் அடி விளிம்பு இதற்குப் பேர்போனது. அங்கே எனாமல் மெலிந்து முடிந்துபோயிருக்கும், இரத்தம் கசியும், கண்ணாடி வைத்தாலும் பார்வை சரியாக எட்டாது. வெள்ளை அடைப்புகள் கசியத் தொடங்கும் இடத்தைச் சொல்லச் சொன்னால் எந்த அனுபவசாலியும் முதலில் இதைத்தான் காட்டுவார்.

இதற்கு மருந்து 1864இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. நியூயோர்க்கின் சான்ஃபோர்ட் பார்னம், ரப்பர் தாளில் துளையிட்டுப் பல்லை மட்டும் வெளியே எடுத்து மற்ற வாயை மூடினார். இன்றும் அதைவிட நல்ல வழி வரவில்லை. அதைப் போட்டால் அடைப்பு தோற்பது குறையலாம் என்று 2016இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு சொன்னது. ஆனால் கிடைத்த சான்றுகள் தரம் குறைந்தவை என்பதையும் சேர்த்தே சொன்னது. பஞ்சுருளையும் நல்ல உறிஞ்சுகுழாயும் இரண்டு கையுள்ள ஓர் உதவியாளரும் இருந்தால் ரப்பர் தாள் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். உதவியாளர் இல்லாமல், ஒரு கையால் கண்ணாடியும் மறு கையால் பசையுமாகத் தனியே வேலை செய்யும் வைத்தியரிடம் வெள்ளை அடைப்பை நான் எதிர்பார்க்கமாட்டேன். அது அவருடைய திறமையைப் பற்றிய பேச்சு அல்ல, கைகளின் எண்ணிக்கையைப் பற்றியது.

கடற்கரை ஊரின் காற்றும் கணக்கில் வரும், கொஞ்சம். வாய்க்குள் இருக்கும் சூடும் ஈரப்பதமும், அதாவது 37 பாகை, 95 வீதம் அளவு, பல ஒட்டுத்திரவங்களின் பிடியைக் குறைப்பதை ஆய்வுகூடங்கள் காட்டியிருக்கின்றன. ரப்பர் தாள் போட்டால் பல்லைச் சூழ்வது வாயின் காற்று அல்ல, அறையின் காற்று. ஆனால் வாடை பெயர்ந்து மாரி கொட்டும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத அறையின் காற்றே நனைந்துதான் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் நிலைமை வேறு: ஒட்டுத்திரவப் போத்தலின் மூடியைத் திறந்து வைத்தால் அதிலுள்ள அசெற்றோனோ மதுசாரமோ பறந்துபோய், அடுத்த நோயாளிக்குத் தடித்த எச்சம்தான் கிடைக்கும். குளிரில் வைக்கவேண்டிய போத்தல்களும் இருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது அவை என்ன சூட்டில் கிடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அறையின் ஈரத்தைவிட எனக்குக் கவலை தருவது காற்றமுக்கி. பல்லை உலர்த்த ஊதும் காற்று அதிலிருந்து வருகிறது. ஈரப்பதம் மிகுந்த ஊரில் அதன் தொட்டியில் நீர் சேரும்; தினமும் திறந்து வடிக்காவிட்டால் அந்த நீரும், பழைய இயந்திரமென்றால் எண்ணெய்ப் படலமும், ஊதும் காற்றோடு பல்லில் வந்து படியும். உலர்த்துகிறேன் என்று நினைத்து எண்ணெய் பூசுவது இப்படித்தான் நடக்கிறது. சோதிக்கச் செலவில்லை. வாய்க்கண்ணாடியின் மேல் ஒருமுறை ஊதிப் பார்த்தால் புள்ளி விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

மாவட்டத்துக்கு உள்ளே போகப்போக வேறொரு சிக்கல். திருகோணமலை நகரத்துக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளத்து நீரில் புளோரைட் குறைவு. கரையோர மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறுகளிலும் பொதுவாக அப்படித்தான். உலர்வலயத்தின் உட்பகுதிகளில் கடும்பாறையைத் துளைத்து இறக்கிய குழாய்க்கிணறுகளில் புளோரைட் கூடுதலாக இருக்கும். அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்கள் இதற்கு நன்கு அறியப்பட்டவை. எங்கள் மாவட்டத்தின் மேற்கு எல்லைக் கிராமங்கள் அவற்றோடு ஒட்டிக் கிடக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்வரை ஏற்கிறது. ஆனால் வெக்கையில் வாழ்ந்து குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும் இலங்கைப் பிள்ளைகளுக்கு அது அதிகம், 0.8 போதும் என்று சமன் வர்ணகுலசூரிய முதலானோர் 1992இலேயே எழுதினார்கள்.

பல் முளைக்குமுன் உடலில் சேர்ந்த மிகைப் புளோரைட், எனாமலில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளாகவும் கபிலத் திட்டுகளாகவும் தெரியும். அழகுக் குறை என்று மட்டும் பார்ப்பவர்கள் பலர். ஒட்டும் வேலையைப் பொறுத்தவரை அது வேறொரு பொருள். மேல்தளம் அமிலத்துக்கு அடங்காது; வழக்கமான 15 செக்கன் கழித்துக் கழுவினால் பனிபோன்ற வெண்மை சரியாக வராது. அதற்கு உள்ளே இருக்கும் பகுதியோ நுண்துளை நிறைந்து நொறுங்கும். நேரத்தைக் கூட்டவேண்டும், பல வேளை இரட்டிப்பாக. அல்லது மேல்தளத்தை மெல்லியதாக அரைத்து எடுத்துவிட்டு அமிலம் பூசவேண்டும். கடுமையான நிலையில் எதைச் செய்தாலும் பிடி குறைவுதான். அமிலத்தைத் தனியே பூசாமல், ஒட்டுத்திரவத்தில் உள்ள மென்மையான அமிலத்தையே நம்பும் புதிய போத்தல்கள் இந்தப் பற்களில் இன்னும் பலவீனமானவை. நேரம் மிச்சம் என்பதற்காகத்தான் அந்தப் போத்தல்கள் விற்கப்படுகின்றன. கிராமத்துப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களில் தடுப்புப் பூச்சு வைக்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்: பூச்சு உதிர்ந்துவிட்டால் பாதுகாப்பும் போயிற்று, பாதி உதிர்ந்தால் அடியில் உணவு தங்கும்.

ஆகவே குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர் அதைப் பல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். பல்லைப் பார்த்தே அவருக்குத் தெரியும் என்று நினைக்கலாம். லேசான நிலை, ஈரமான வாயில், மஞ்சள் வெளிச்சத்தில், எப்போதும் தெரிவதில்லை.

வெற்றிலை போடுபவர்களின் பல்லும் இலகுவில் இடங்கொடாது. பாக்கின் கடினம் எனாமலைத் தேய்த்துவிட, வெளிப்பட்ட டென்டின் வருடக்கணக்கில் தன் குழாய்களைத் தானே கனிமத்தால் அடைத்துக்கொண்டு கபிலமாய், கண்ணாடிபோல் வழுவழுப்பாய்ப் போயிருக்கும். கூச்சம் இருக்காது, இது நல்லதுதான். ஆனால் அமிலமும் திரவமும் உள்ளே புக வழி இல்லை. கரித்தூளாலும் உப்பாலும் அழுத்தி விளக்கிக் கழுத்தோரம் ஆப்புப்போல் தேய்ந்த பற்களும் இதே வகை. இங்கே பரின் நுனியால் மேல்தளத்தைச் சற்றுச் சொரசொரப்பாக்காமல் ஒட்டினால், அடைப்பு சோறு உண்ணும்போதே கழன்று விழும். வெற்றிலை போடும் வாயில் அடைப்பைவிட முதலில் பார்க்கவேண்டியது கன்னத்தின் உட்புறத்தை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய்.

பல்வலிக்குக் கராம்பெண்ணெய் வைப்பது வீட்டு வழக்கம். வலி தணியும். ஆனால் அதிலுள்ள யூஜினோல் கொம்போசிட் இறுகுவதைத் தடுக்கும் பொருள். தற்காலிகமாக வைக்கும் சில சீமெந்துகளிலும் அதுவே இருக்கிறது. வெள்ளை அடைப்புக்குப் போகும் அன்று காலையில் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைத்துக்கொண்டு போகாதீர்கள், வைத்திருந்தால் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் பல்லை வெளுக்கச் செய்பவர்களும் கவனிக்க: வெளுக்கும் மருந்து விட்டுப்போகும் ஒட்சிசன் ஒட்டுதலைக் கெடுக்கும். வெளுத்து இரண்டு வாரம் கழிந்த பிறகே அடைப்பு.

இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாத வெள்ளை அடைப்பு ஒன்று உண்டு, அதற்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை. லண்டனில் வில்சன், கென்ட் என்ற இரு வேதியியலாளர்கள் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் சீமெந்து, பல்லிலுள்ள கல்சியத்தோடு தானே இரசாயனமாகப் பிணையும். ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும், புளோரைட்டை வெளியிடும், மின்சாரம் வேண்டாம். 1980களில் தன்சானியாவில் ஜோ பிரெங்கனும் கூட்டாளிகளும், துளைக்கும் இயந்திரம் இல்லாமல் கையால் சுரண்டி இதை வைத்து அடைக்கும் முறையைத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994இல் அதை முன்னெடுத்தது. இதற்கும் மேற்பரப்பு தயாராக வேண்டும்: மென்மையான பொலி அக்ரிலிக் அமிலத்தை 10 முதல் 20 செக்கன் தடவிக் கழுவி, காயவிடாமல் ஒற்றி எடுக்கவேண்டும். அந்தப் படியை விட்டுவிடுவதுதான் வழமை, ஏனென்றால் விட்டாலும் சீமெந்து அன்றைக்கு ஒட்டியதுபோலத் தோன்றும். வைத்த பின் மேலே வஸ்லீனோ வார்னிஷோ பூசாவிட்டால் முதல் நேரத்து ஈரம் அதைக் கரைக்கும். பலம் குறைவு, நிறம் அவ்வளவு பொருந்தாது. மெல்லும் பரப்பில் பெரிய குழிக்கு உகந்ததல்ல. ஆனால் எச்சிலைக் கட்டுப்படுத்த முடியாத ஆறு வயதுப் பிள்ளையின் வாயில், நன்றாக வைத்த அயனோமர் அவசரமாக வைத்த கொம்போசிட்டைவிட மேல். தனியார் கிளினிக்கில் “விலைகூடியதையே வையுங்கள்” என்று கேட்கும் பெற்றோர் இதை மனதில் கொள்ளட்டும்.

மூடுதல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று. அமெரிக்காவில் மெர்ட்ஸ்–ஃபேர்ஹர்ஸ்ட் குழுவினர், சூத்தையைச் சுரண்டி எடுக்காமல், விளிம்பு எனாமலை மட்டும் சுத்தமாகச் சரிவாய் வெட்டி அமிலம் பூசி, மேலே கொம்போசிட்டால் மூடினார்கள். 1998இல் வெளியான பத்து வருடக் கணக்கில் அடியிலிருந்த சூத்தை முன்னேறாமல் நின்றிருந்தது. உணவு கிடைக்காத பக்டீரியா ஓய்ந்துபோயிற்று. ஸ்கொட்லாந்தின் நோர்னா ஹோல், பிள்ளைகளின் பாற்பல்லில் ஒன்றையும் சுரண்டாமல் உலோகத் தொப்பியை ஒட்டி மூடிய முறையும் இதே நியாயத்தில்தான் நிற்கிறது. 2016இல் சர்வதேச வல்லுநர் குழுவொன்று வகுத்த வழிகாட்டலும் இதையொட்டியதுதான்: ஆழமான குழியில் நரம்புக்கு மேலே மென்மையான டென்டினைக் கொஞ்சம் விட்டுவிடலாம், விளிம்பைச் சுற்றி மட்டும் சுத்தமான உறுதியான பல் இருக்கவேண்டும். “எல்லாச் சூத்தையையும் எடுத்தீர்களா?” என்று கேட்கும் நோயாளி தவறான கேள்வியைக் கேட்கிறார். விளிம்பு சுத்தமா, வேலை முடியும்வரை உலர்ந்திருந்ததா என்பதே கேட்கவேண்டியது.

கசிவை எப்படி அறிவது? குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், இனிப்புக்கு ஒரு குத்தல், கடிக்கும்போது மட்டும் சுருக். வைத்த சில நாளுக்கு லேசான கூச்சம் இயல்பு. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் நின்றால் திரும்பிப் போகவேண்டும். நரம்பு ஏற்கெனவே செத்த பல் எதையும் சொல்லாது. முரசுக்கு அடியில் கசிவதைப் படம் எடுத்தால்தான் காணலாம். அதுவும் கடித்துப் பிடிக்கும் சிறிய எக்ஸ்ரே.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லவேண்டும். அடைப்பின் ஓரத்தில் கபிலக் கோடு தெரிந்த உடனே கழற்றி மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேநீரும் வெற்றிலையும் படிந்த கறையும் அப்படித்தான் தெரியும். கறை மட்டும் சூத்தைக்குச் சாட்சி அல்ல. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும், நல்ல எனாமல் கொஞ்சம் போகும். நாலாவது முறை வேர்ச் சிகிச்சை, ஐந்தாவது முறை பிடுங்கல். ஓரத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யவோ, சிறு பகுதியை மட்டும் திறந்து அடைக்கவோ முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

கதிரையில் இருப்பவரால் செய்யக்கூடியவை சில. வைப்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா என்று முதலில் பாருங்கள். அவசர நாளில் வெள்ளை அடைப்பைக் கேட்காதீர்கள். தற்காலிக சீமெந்தோடு போய் நேரமுள்ள நாளில் வாருங்கள். துளைத்து முடித்து அமிலம் பூசிய பிறகு வாயை மூடாதீர்கள், நாக்கால் தொட்டுப் பார்க்காதீர்கள், துப்ப எழும்பாதீர்கள். தொண்டையில் தண்ணீர் சேர்ந்தால் கையைத் தூக்கிக் காட்டுங்கள், உறிஞ்சி எடுப்பார்கள். எச்சில் பட்டுவிட்டது என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்; மறுபடி அமிலம் பூச அவருக்கு அரை நிமிடம்தான் வேண்டும்.

அடைப்பு விழுந்துவிட்டால் எறிந்துவிடாமல் ஒரு சிறு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதன் அடிப்பக்கம் பேசும். குழியின் அச்சை அப்படியே வாங்கிக்கொண்டு மினுமினுப்பாக இருந்தால், பசை பல்லைப் பிடிக்கவே இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். கபிலமான மென்துகள் ஒட்டியிருந்தால் அடியில் சூத்தை ஓடியிருக்கிறது. சில வாரத்தில் விழுந்ததா, ஐந்து வருடம் கழித்தா என்பதையும் சொல்லுங்கள். முன்னது தயாரிப்பின் கோளாறாகவும், பின்னது ஒட்டுதல் மெல்ல அரிபட்டதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். விழுந்த துண்டையே சீமெந்து தடவித் திருப்பி ஒட்டித் தரும்படி கேட்காதீர்கள். குழியில் மிஞ்சியிருக்கும் பழைய ஒட்டுப் படலத்தைச் சுரண்டி, புது எனாமலைத் திறந்து, அமிலத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.